மூன்று வரிசைத் தக்காளியும் ஒரு பிஎச் பேனாவும்

புதன்கிழமை,
நோன்பு தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது எழுதியது

அன்புள்ள இத்தருக்கு,

உங்கள் மேலும், உங்களோடு அந்த ஒற்றை அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள் மேலும் இறைவனின் அமைதி நிறையட்டும். இங்கே நான் நலம். உங்கள் அம்மா நலம், குளிருக்கு முட்டிதான் வலிக்கிறதாம். உங்கள் அண்ணன் ஹம்மூ நலமோ நலம், மூன்று வேளையும் ரொட்டி கூடுதலாகவே கேட்கிறார். நலமில்லாதது தக்காளி ஒன்றுதான். அது உங்களுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் சொல்லப்பட்டது பாதிகூட இல்லை.

இதென்ன காகிதமும் மையுமாக என்று நினைப்பீர்கள். கல்யாணத்தன்று மருதாணி காயாத கையாலேயே உங்களுக்குச் செய்தி தட்டியவள் நான். என் போன் உங்கள் அம்மாவின் மரப்பெட்டிக்குள், மாவுச் சல்லடைக்கு அடியில், பூட்டிக் கிடக்கிறது. பதினெட்டு நாள் ஆயிற்று. நீங்கள் கூப்பிடுவதெல்லாம் உங்கள் அண்ணனின் போனுக்கு. அது எந்நேரமும் ஸ்பீக்கரில், தேநீர்த் தட்டின் நடுவில், கிளாஸ்களோடு கிளாஸாகக் கிடக்கும். அதில் நான் என்னத்தைப் பேச? "நலம்" என்பேன். "நலமா" என்பேன். உங்கள் அண்ணன் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அந்தத் தட்டிலிருந்து உங்கள் குரல் அன்றைக்குச் சொன்னது எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். "பெருநாளுக்கு வர்றேன். அவ இந்த வீட்டுல இருக்கணுமா, அவங்க அப்பா வீட்டுக்கே போகணுமான்னு வந்து நான் முடிவு பண்ணிக்கிறேன். அதுவரைக்கும் போனை அவ கையில குடுக்காதீங்க. தக்காளிக் குடிலுக்குள்ளயும் விடாதீங்க." நான் அப்போது வாசற்படியில் உட்கார்ந்து ஆலிவ் காய்க்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. மொத்தக் கிண்ணத்தையும் எடுத்து முடித்தேன்.

சரி, முடிவு உங்களுடையது. ஆனால் முடிவு செய்கிறவர் நடந்ததைக் கேட்க வேண்டாமா? அதற்காகத்தான் எழுதுகிறேன். இதைக் கொண்டுவருவது யம்னா. நம் குடிலில் நான்கு வருஷமாகக் காய் பறிக்கிறாளே, அதே யம்னா. ஸ்ட்ராபெரி பறிக்க மூன்று மாத ஒப்பந்தத்தில் ஸ்பெயினில் நீங்கள் இருக்கும் வெல்வா பக்கம் வருகிறாள். உங்களுக்கு உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய பாதாம் விழுது ஜாடிக்கு அடியில் துணியில் சுற்றி இதை வைத்திருக்கிறேன். எண்ணெய் கசிந்து எழுத்து மங்கியிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்.

முதலிலிருந்து வருகிறேன். மண்ணில் புழு விழுந்து வேரெல்லாம் முடிச்சு முடிச்சாகி, இரண்டு வருஷம் விளைச்சல் போனதும் நீங்கள்தானே சொன்னீர்கள், மண்ணை விட்டுவிட்டுத் தென்னை நார்த்தூளுக்குப் போவோம், இங்கே எல்லாரும் அதில்தான் வளர்க்கிறார்கள் என்று. நீங்கள் அனுப்பிய பணத்தில் நார்த்தூள் கட்டிகள் வந்து இறங்கின. உறையின் மேல் வட்ட வட்டமாகச் சுழித்து ஏதோ ஒரு ஊர் எழுத்து. ஒரு கட்டியில் தண்ணீர் ஊற்றினேன். மாவு உப்புகிற மாதிரி உப்பி வந்தது பாருங்கள்! எனக்கு அன்றைக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. சமையல் அடுப்பில் ஒரு கண், போனில் ஒரு கண் என்று எத்தனை வீடியோ பார்த்தேன்! பிரேசிலில் மொட்டைமாடியில் மிளகாய் வளர்ப்பவன், ஜோர்டானில் வெள்ளரி வளர்க்கும் ஆசிரியை, எல்லாரும் இருக்கும் குழுவில் சேர்ந்தேன். அங்கே என் பெயர் கெல்தூமா இல்லை. 'ஐந்து புள்ளி எட்டு'.

ஏன் அந்தப் பெயர் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். தண்ணீர் புளிப்பா உவர்ப்பா என்று அளக்கும் எண்தான் பிஎச். ஏழு என்றால் இரண்டும் இல்லை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு. நார்த்தூளில் நிற்கும் தக்காளிக்கு ஐந்து புள்ளி எட்டில்தான் பசி எடுக்கும். அதற்கு மேலே ஏறினால் உரம் தண்ணீரில் இருந்தும் வேர் அதைத் தொடாது. சோறு தட்டில் இருக்கிறது, வாய் திறக்கவில்லை. நம் ஆழ்துளைத் தண்ணீர் கிட்டத்தட்ட எட்டு! தேநீர்ப் பானைக்குள் வெள்ளையாகப் படிகிறதே சுண்ணாம்பு, அதே தண்ணீர்தானே செடிக்கும் போகிறது?

உங்கள் அண்ணன் கலக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். காலையில் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார். ஆசிட் ஊற்றுவார். நிறத்தாளை முக்கி, மஞ்சளாகிவிட்டது என்று பார்ப்பார். அப்புறம்தான் உரப் பொடிகளைக் கொட்டுவார். கால்சியம், சல்பேட், எல்லாம் ஒரே தொட்டியில். அடியில் வெள்ளைச் சேறாகத் தங்கும். "கரையலடா, கிண்டுங்கடா" என்பார். அது கரையாத உரம் இல்லை, இத்தர். கால்சியமும் சல்பேட்டும் ஒன்றையொன்று பிடித்துக் கல்லாகிவிட்டது. அதை எந்தக் கம்பாலும் கிண்டிக் கரைக்க முடியாது. மறுபடி அளக்கவும் மாட்டார். சுண்ணாம்பு ஆசிட்டைத் தின்றுவிட, சாயங்காலம் அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல ஏழைத் தாண்டி ஏறியிருக்கும்.

டிசம்பரில் இலை வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் எலுமிச்சை நிறம். காயின் அடி கறுத்தது. உரக்கடைக்காரர் வந்து இரும்புச் சத்துப் பொட்டலம் விற்றுவிட்டுப் போனார். நீங்கள் எனக்கு அனுப்பியிருந்த பிஎச் பேனாவை எடுத்துக்கொண்டு நான் குடிலுக்குப் போனேன். ஞாபகம் இருக்கிறதா? முதல் பெருநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். வளையல் கேட்பேன் என்று நினைத்தீர்கள். நான் இதைக் கேட்டதும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள், ஆனாலும் அனுப்பினீர்கள். அந்தச் சிரிப்புக்காக உங்களைப் பல மாதம் மன்னித்துக்கொண்டிருந்தேன்.

செடி நிற்கும் நார்த்தூள் பையின் அடியில் வடியும் தண்ணீரில் பேனாவை வைத்தேன். ஏழு புள்ளி ஒன்பது. ஓடிப்போய்ச் சொன்னேன். உங்கள் அண்ணன் தாளைத் தூக்கிக் காட்டினார். "இங்க பாரு, மஞ்சள். கண்ணு தெரியுதுல்ல? உன் பேனா ஸ்பெயின்லேருந்து வந்த மப்புல உளறுது." வேலையாட்கள் எல்லாரும் சிரித்தார்கள். யம்னா மட்டும், "பேனா உளறினா உளறட்டும்ணே, எலை உளறுதா?" என்று கேட்டாள். அதற்கும் சிரிப்பு. கடைசியில் சிரிப்போடு சிரிப்பாகவே எனக்குக் கோடி மூலையில், பிளாஸ்டிக் கிழிந்து காற்று அடிக்கும் இடத்தில், மூன்று வரிசை கிடைத்தது. "இஞ்சினியரம்மா அதுல வச்சு வெளையாடட்டும். நம்ம குழாயைத் தொடக்கூடாது."

தொடவில்லை. இரண்டு நீல டிரம் வைத்துக் கையால் ஊற்றினேன். கால்சியத்துக்கு ஒரு டிரம், மற்றதெல்லாம் இன்னொன்றில், ஒவ்வொரு பொடியும் முழுசாகக் கரைந்த பிறகுதான் அடுத்தது. ஆசிட் எல்லாவற்றுக்கும் கடைசி. அளப்பது அதற்கும் கடைசி. மறுநாள் வடிகிற தண்ணீரை மறுபடி அளப்பது. ஆறு புள்ளி ஒன்பது, ஆறு நாலு, ஆறு! நான் அடுப்படியில் ஆடினேன், உங்கள் அம்மா வந்து, "என்ன பொண்ணே, தேள் கொட்டிருச்சா?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் நுனியில் வந்த இலை நல்ல பச்சை, கரும்பச்சை! குழுவில் படம் போட்டேன். ஜோர்டான் ஆசிரியை அழுகிற பொம்மையாகப் பத்து அனுப்பினாள்.

அந்தப் படத்தைத்தான் உங்கள் அண்ணனும் எடுத்து உங்களுக்கு அனுப்பினார், அடியில் என் டிரம் தெரியாமல் வெட்டிவிட்டு. நீங்கள் பதிலுக்கு, "சபாஷ்ண்ணே, உன் கை கைதான்" என்றீர்கள். தட்டின் நடுவிலிருந்து கேட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்து, "இது யார் கை வேலை?" என்று கேட்டபோதும் உங்கள் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நுரை வரவேண்டுமென்று கையை உயரத் தூக்கி ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மறுநாள் பேனாவைக் கேட்டார். கொடுத்தேன். மனசோடுதான் கொடுத்தேன், இதை நம்புங்கள். மீதிச் செடியெல்லாம் பிழைக்குமே என்று. கொடுக்கும்போது சொன்னேன்: "அண்ணே, நுனியில இருக்கிற கண்ணாடி காயவே கூடாது. மூடிக்குள்ள நாலு சொட்டு மருந்து தண்ணி இருக்கு. அளந்ததும் அலசிட்டு, துடைக்காம, அப்படியே மூடி போட்டு நிக்க வைங்க." அவர் சொன்னார்: "ஏம்மா, சாமானை ஈரத்தோட வச்சா துரு ஏறாதா? கத்தியை அப்படியா வைக்கிறோம்?" நான் மறுபடி சொன்னேன். "சரி சரி, புரிஞ்சுது, ரொட்டியைப் பாரு, கருகுது" என்றார்.

அதற்கு மறுநாள் உங்கள் சித்தி வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விருந்து. தாரூதாந்துக்கு உங்கள் அம்மாவும் நானும் போனோம். மூன்று நாள் நான் அங்கே அடுப்படியில் இருந்தேன். கூஸ்கூஸ் ஆவி பிடித்துப் பிடித்துக் கண் வீங்கிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடந்தது அந்த மூன்று நாளில். நான் ஊரிலேயே இல்லை.

திரும்பி வந்து குடிலின் கதவைத் திறந்தேன். ஐயாயிரம் செடி, இத்தர். வெந்நீரில் முக்கி எடுத்த கீரையைப் போலத் தலை தொங்கி நின்றது. ஒரு பையைக் கிழித்துப் பார்த்தேன். வேர் பழுப்பாக, தொட்டால் தோல் உரிந்து வந்தது. தொட்டியின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்துவந்து சமையல் சோடாவைப் போட்டேன். பால் பொங்குகிற மாதிரி பொங்கிக் கை மேல் வழிந்தது. அவ்வளவு ஆசிட்! மூலையில் காலிக் கேன் மூன்று கிடந்தது. ஒரு கேன் ஒரு மாதத்துக்கு வருவது.

பேனா எங்கே என்று தேடினேன். உங்கள் அண்ணனின் வண்டியில், கண்ணாடிக்கு முன்னால், வெயிலில், மூடி ஒரு பக்கம் பேனா ஒரு பக்கமாகக் கிடந்தது. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். எடுத்து எலுமிச்சைச் சாற்றில் வைத்தேன். ஏழு என்றது. ஆழ்துளைத் தண்ணீரில் வைத்தேன். ஏழு. வினிகரில் ஏழு! செத்துப்போன பேனா எதில் வைத்தாலும் ஏழுதான் சொல்லும். அது ஐந்து எட்டு சொல்ல வேண்டும் என்று அவர் ஊற்றியிருக்கிறார். சொல்லவில்லை, மறுபடி ஊற்றியிருக்கிறார்.

உங்களுக்கு அவர் சொன்னது வேறு. நான் நோட்டில் எழுதிவைத்த அளவு தப்பு, அதன்படி ஊற்றியதால்தான் போயிற்று என்றார். அந்த நோட்டை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. உங்கள் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார்: "போனைப் பாத்துப் பாத்து என் புள்ளையோட உழைப்பைக் கருக்கிட்டாளே!" பெட்டி பூட்டப்பட்டது. அப்புறம்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் எதிர்பார்த்தேன். "கெல்தூமா, என்ன நடந்துச்சு?" மூன்றே சொல். ஸ்பீக்கரிலேயே கேட்டிருக்கலாம்.

கோடி மூலையில் என் மூன்று வரிசை மட்டும் உயிரோடு இருந்தது. குழாய் அதற்குப் போகவில்லையே! நான் இல்லாத மூன்று நாளும், எனக்குத் தடை விழுந்த பிறகும், யம்னாதான் என் டிரம்மிலிருந்து ஊற்றியிருக்கிறாள். செத்த ஐயாயிரத்துக்கு நடுவில் நூற்றிருபது செடி பச்சையாக நிற்பதைக் கண் உள்ள யாரும் பார்க்கலாம். நீங்கள் வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று இருந்தேன். போன வியாழக்கிழமை உங்கள் அண்ணன் சொன்னார்: "எல்லாத்தையும் புடுங்கிக் குடிலைச் சுத்தம் பண்ணணும். அந்த மூணு வரிசையை எதுக்கு வச்சுக்கிட்டு? போய் நீயே புடுங்கிரு, உன்னோடதுதானே." அன்றைக்கு மட்டும் அது என்னுடையது. குடிலுக்குள் விடக்கூடாது என்று நீங்கள் போட்ட தடையும் அன்று ஒரு நாள் இல்லை.

பிடுங்கினேன். ஒவ்வொன்றாக. வேர் எவ்வளவு வெள்ளை தெரியுமா? நார்த்தூளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. முடி மாதிரி மெல்லிசாக, பை முழுக்க, மூலை வரைக்கும் ஓடியிருந்தது! இவ்வளவு நல்ல வேரை நான் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. படம் எடுக்க என்னையறியாமல் பாவாடைப் பையில் கையை விட்டுப் போனைத் தேடினேன்.

பறித்த பழத்தை அன்று மதியம் உங்கள் அம்மா வெங்காயத்தோடு நறுக்கிச் சாலட் வைத்தார். உங்கள் அண்ணன் ரொட்டியால் தட்டை வழித்துவிட்டு, "இந்த வருசம் நம்ம பழத்துக்கு ருசியே தனிம்மா" என்றார். நானும் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். உண்மைதான், நல்ல ருசி.

இப்போது நான் கேட்பது. உங்கள் அண்ணன் பேனாவைத் தலைத்துணியால் துடைத்துச் சட்டைப் பையில் சொருகியதையும், கேன் மேல் கேனாக ஊற்றியதையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் யம்னா. அவளே அன்றைக்கு, "அண்ணே, ஆசிட் நெடி மூக்குல ஏறுது, போதும்" என்று சொல்லியிருக்கிறாள். "நீ காய் பறி" என்றாராம். இங்கே அவள் வாயைத் திறக்கவில்லை. "நான் சொன்னா அடுத்த வருசம் எனக்கு யாரு வேலை குடுப்பா, சொல்லு? மூணு புள்ளைங்க கெல்தூமா" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் கேட்டால் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். கேட்டால்தான் சொல்வாள். ஜாடியைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கிற நேரம் வரை உட்கார்ந்திருப்பாள். கேட்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

நான் பெருநாள் வரை இங்கே காத்திருக்கவில்லை. யம்னா போகும் பேருந்திலேயே நானும் ஏறுகிறேன், அகாதிர் வரை. அங்கிருந்து மலை மேல் என் அப்பா வீட்டுக்கு. நோன்புக்கு முன் தாய் தகப்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். துணியெல்லாம் எடுத்துக்கொண்டேன் என்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை. யம்னாவிடம் கேட்டுவிட்டு வருவதானால் அப்பா வீட்டுக்கு வாருங்கள், கதவைத் திறக்க நானே வருவேன். கேட்காமல் வருவதானால் அவ்வளவு தூரம் மலை ஏற வேண்டாம், கால் வலிக்கும்.

உங்கள் அம்மாவின் முட்டிக்கு ஆர்கன் எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள், அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு அங்கே இப்போது ஆசிட் கலக்கும் வேலை கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். எப்போதும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆசிட். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், முகத்தில் தெறிக்கும். கையுறை கிழிந்திருந்தால் வேறு கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். இறைவன் உங்கள் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும். இதை நான் மனதார எழுதுகிறேன்.

கெல்தூமா